அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

நோட்டீஸ் ஒட்டியிருந்தது
திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில்,
மூலநோய் வைத்தியருக்குக் கீழே.
கோடியக்கரை. தன்னார்வலர் முகாம்.
மூன்று பகல், இரண்டு இரவு.
போர்வை கொண்டு வரவும்.

வனச்சரக அலுவலகத்தில்
பேனாவை நூலால் மேசையில் கட்டியிருந்தார்கள்.
பெயர்: செங்கமலம். வயது: நாற்பத்தொன்பது.
தொழில்: கூட்டுறவு வங்கி, நகைக்கடன் பிரிவு.
எட்டு கிலோமீட்டர் நடக்க இயலுமா?
இயலும் என்று எழுதினேன்.
நடந்து பார்த்ததில்லை.

அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்.
அங்கே நூல் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.
அண்ணன் எண் தெரியும்,
எடுத்தால் முதலில் காரணம் கேட்பார்.
வங்கியின் எண்ணை எழுதினேன்.
சனி ஞாயிறு அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கடைமடை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
இது கடைமடைக்கும் அந்தப் பக்கம்.
மேட்டூர் திறந்த சேதி வந்து சேரும்,
தண்ணீர் வராது.
உப்புப் பூத்த தரையில் கால் வைத்தால்
அப்பளம் உடைகிற சத்தம்.

முதல் நாள் சீமைக்கருவேலங் கன்று பிடுங்கினோம்.
விரல் உயரக் கன்றுக்கு
முழங்கை நீள வேர்.
பட்டுக்கோட்டை மருந்துக்கடை அருளானந்து
செருப்பைத் துளைத்த முள்ளை எடுத்துக் காட்டி
‘ரெண்டரை அங்குலம் இருக்கும்’ என்றார்,
பரிசு வாங்கியவர் மாதிரி.
பாலிடெக்னிக் பிள்ளைகள் இருவர்
பிடுங்கியதை எண்ணி எண்ணிக் கத்தினார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டில் குரல் போயிற்று.

இரவில் சாம்பார் சாதம்,
அதிலும் கொஞ்சம் மணல்.
நாகூர் பர்ஹானா கேட்டாள்:
‘நீங்க ஏன் வந்தீங்க அக்கா?’
சும்மாதான் என்றேன்.

இருபத்திரண்டு வருடமாக
அடகுக்கு வந்ததை மட்டுமே தொட்டிருக்கிறேன்.
உரசி, நிறுத்து, அரக்கு வைத்து,
இன்னாருடையது என்று சீட்டு ஒட்டி.
சீட்டு ஒட்ட முடியாத ஒன்றை
எண்ணிப் பார்க்கத் தோன்றியது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
பாதிச் சாதத்தில் சொல்கிற விஷயமா?

மறுநாள் விடியுமுன் மான் கணக்கு.
வனக்காவலர் தங்கமாரி
மணலில் குச்சியால் ஒரு கோடு போட்டார்.
‘இந்தக் கோட்டுக்கு நேரே பாருங்க.
இடமிருந்து வலம் போனா எண்ணுங்க.
வலமிருந்து இடம் வந்தா விட்டுடுங்க,
அது பக்கத்துப் புள்ளி கணக்கு.’

ஆறே காலுக்கு வந்தன.
முதலில் கலைக்க ஆளில்லாத குதிரைகள்,
அவை எந்தக் கணக்கிலும் இல்லை.
பிறகு பெட்டைகள், மண்ணைவிட ஒரு நிறம் கூடுதலாக.
அப்புறம் கறுத்த கிடா,
திருகுக்கொம்பைத் தூக்கிக்கொண்டு
பாத்திரக்கடையிலிருந்து குத்துவிளக்கு சுமந்து வருபவனைப் போல
எதிலும் இடிபடாமல்.

ஐந்து. ஒன்பது. பதினான்கு.
பதினாறு.
அடுத்தது ஒரு பெட்டை,
கோட்டுக்கு நேரே வந்து நின்றுவிட்டது.
முன்னங்கால்கள் வலத்தில், பின்னங்கால்கள் இடத்தில்,
சாவகாசமாகக் காதைச் சொறிந்துகொண்டு.
நான் மூச்சுவிடவில்லை.
தராசு முள்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.
பர்ஹானா தும்மினாள்.
மான் எந்தப் பக்கம் போனதென்று
நான் பார்க்கவில்லை,
அவளைப் பார்த்துவிட்டேன்.

தாளில் எதையோ எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை, வங்கியில் கூட்டம்.
ஆடி விதைப்புக்குப் பணம் வேண்டி
தாலிக்கொடியைக் கழற்றி வந்தவர் எதிரே நிற்கிறார்,
மஞ்சள் கயிற்றைப் புடவைக்குள் சரிசெய்தபடி.
தொலைபேசி அடிக்கிறது. நான்தான் எடுக்கிறேன்.

‘வனத்துறைங்க. செங்கமலம்னு ஒருத்தங்க,
அவசர எண் இதுதான்னு போட்டிருக்காங்க.’
வயிற்றில் ஏதோ நழுவியது.
அவங்களுக்கு என்ன ஆச்சு, என்றேன்.
‘ஒண்ணும் ஆகலைங்க. அவங்க எழுத்து புரியல.
பதினாறா, பதினேழா?’

பதினாறு, என்றேன். ஒன்று சந்தேகம்.
‘சந்தேகத்துக்குக் கட்டம் இல்லைங்களே.’

அம்மாள் தராசையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
கொடி தட்டில் கிடக்கிறது.
எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.
ஒரு நிமிஷம் இருங்க, என்கிறேன்
இருவரிடமும்.