நாலாவது தும்மல்

மே மாதம் ஹயேனில் ஒலிவம் பூக்கும்.
ஆறு கோடி மரம் என்கிறார்கள்,
நின்று எண்ணியவர் யாருமில்லை.
மூக்குகளுக்குத்தான் கணக்குத் தெரியும்.

ரெமெதியோஸ் பேருந்து ஓட்டுகிறாள், மார்த்தோஸ் தடம்.
ஆராய்ச்சியில் அவள் நாற்பத்தொன்று.
காலையில் ஒரு வெள்ளைக் குளிகை:
உள்ளே ஆயிரம் கோடி நல்ல பாக்டீரியா
அல்லது வெறும் மாவு.
எதுவென்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஒட்டிய உறைக்குத் தெரியும்.

எண்ணுவது என் வேலை.
குறிப்பேட்டில் தும்மல்கள்,
ஐஸ் பெட்டியில் வரும் டப்பாவில் மற்றது.
டப்பாமேல் எண் எழுதச் சொன்னபோது
"கையெழுத்தும் போடணுமா?" என்றாள்.

இங்கே தும்மினால் பக்கத்திலிருப்பவர்
முதல் தும்மலுக்கு இயேசு,
இரண்டாவதற்கு மரி, மூன்றாவதற்கு சூசை என்பார்.
நாலாவதற்குத் திருக்குடும்பத்தில் ஆளில்லை.
மே ஏழாம் தேதி எழுதியிருக்கிறாள்:
"பத்தொன்பது. கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஆறு.
பயணிகள் இயேசுவோடு நிறுத்திக்கொண்டு
கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்."

பகலெல்லாம் திரையில்
அவள் குடலின் குடிமக்கள்.
பரம்பரையாய் இருப்பவர், பிழைக்க வந்தவர்,
ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்.
துளி மகரந்தம் மூக்கில் இறங்கியதும்
பகைவனென்று முரசறையும் உடம்பிடம்
கீழிருந்து இவர்கள்
"பூதானே, விடு" என்று சொல்லக்கூடும்.
சொல்வார்களா என்பதற்குத்தான்
இத்தனை டப்பாக்கள்.

பதினெட்டாம் தேதி: எட்டு.
இருபது: மூன்று.
இருபத்தொன்று:
"ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினேன்.
ஒலிவப்பூவுக்கு வாசனை உண்டாமே,
நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்."
அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.
படிக்க வேண்டியது எண்ணை மட்டும்.

ஜூலையில் உறை பிரித்தோம்.
நாற்பத்தொன்று: மாவு.

தொலைபேசியில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் இண்டிகேட்டர் சத்தம் மட்டும்.
"அப்போ நிறுத்தினது யார்?"
அந்த வாரம் மழை பெய்தது,
காற்றைக் கழுவியிருக்கலாம் என்றேன்.
"மழையையும் எண்ணினீங்களா?"
பதினொரு மில்லிமீட்டர்.
"சரி. குளிகை மிச்சமிருந்தா எடுத்து வைங்க."
மாவுதான், ரெமெதியோஸ்.
"அதான் தெரிஞ்சுபோச்சே."

பிறகு தும்மினாள்.
இயேசு, என்றேன். மரி. சூசை.
நாலாவதற்கு,
ஆராய்ச்சி முடிந்து ஒன்பது நாள் ஆகியும்,
கையருகே இருந்த காகிதத்தில்
ஒரு கோடு போட்டேன்.