ஆதாரம் எங்கே

வியாழன்தோறும் ஒரு குறிப்பு.
நாவலைப் படித்துவிட்டு முந்நூறு வார்த்தை.
கதைச் சுருக்கம் வேண்டாம்,
உனக்கு என்ன தோன்றியதோ அதை எழுது
என்றார் ஜெயசீலி மேடம்.
பன்னிரண்டு வருஷம் எந்த வாத்தியாரும் கேட்காத கேள்வி.
செக்கானூரணி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் யோசித்தேன்.
ஒன்றும் தோன்றியிருக்கவில்லை.

நாவல் கோரிப்பாளையத்து ஜெராக்ஸ்,
சபூராவும் நானும் பாதிப்பாதி போட்டு எடுத்தது.
திங்கள் செவ்வாய் அவளுக்கு.
ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ
முப்பதாம் பக்கம் வரைக்கும் கறுப்பாக விழுந்திருக்கும்.
முதல் குறிப்பில் அந்த விரலைப் பற்றித்தான் எழுதினேன்.
மேடம் சிரித்துவிட்டு மூன்று மார்க் போட்டார்.

இரண்டாவதில் ‘செத்தான்’ என்று எழுதியதைச் சுழித்தார்.
புத்தகத்தில் நடப்பதை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டுமாம்.
எங்கள் ஊரில் செத்தவன் செத்தவன்தான்,
பதினாறாம் நாளோடு சரி.
இங்கிலீஷில் அவன் சாகிறான்.
எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறக்கிறபோதெல்லாம்
புதிதாகச் சாகிறான்.
ஒரு வாரம் அந்தத் தாளுக்கு
ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன்.

அந்த வீட்டில் ஒரு வேலைக்காரி.
பெயர் இருக்கிறது, எப்படிச் சொல்வதென்று தெரியாது.
எஜமானி அவளை ‘யூ’ என்கிறாள்.
அவளும் எஜமானியை ‘யூ’ என்கிறாள்.
இங்கிலீஷ்காரனுக்கு அது போதும்.
எனக்குப் போதவில்லை.
ஒவ்வொரு யூவுக்கு மேலும் பென்சிலால்
நீ, நீங்க, நீ, நீங்க,
எழுதிக்கொண்டே போனேன்.

142, 143 இல்லை.
கடைக்காரர் இரண்டு தாளைச் சேர்த்துத் தள்ளியிருப்பார்.
141இல் எஜமானி மாடிப்படியில் நிற்கிறாள், கையில் விளக்கு.
144இல் விடிந்துவிட்டது.
வேலைக்காரி ‘யூ ஆர் லேட்’ என்கிறாள்.
‘நீங்க’ எழுதப் போன பென்சில்
‘நீ’ என்று எழுதியது.
எழுதிய பிறகுதான் பார்த்தேன்.

அதைக் குறிப்பாக்கினேன்.
இந்த இடத்தில் அவள் மாறிவிடுகிறாள்,
சொல் மாறவில்லை, அவள் மாறிவிடுகிறாள் என்று.
சிவப்பு மையில் ஒரு வரி:
ஆதாரம் எங்கே?

அம்மா எஸ்.எஸ். காலனியில் ஒரு வீட்டில் சமைக்கிறாள்.
நாலாவது படிக்கிற பையன் அவளை நீ என்பான்.
அவள் அவனைத் தம்பி வாங்க, சாப்பிடுங்க என்பாள்.
போன ஆடியில் ஒருநாள்
வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்,
‘இன்னைக்கு நீன்னுட்டேன்’ என்றாள்.
யாரிடம், ஏன், எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, உலை கொதித்துக்கொண்டிருந்தது.
மறுநாள் வழக்கம்போல் காளவாசலில் இறங்கிப் போனாள்.
இதற்கு எந்தப் பக்க எண் போடுவது?

அசல் புத்தகம் நூலகத்தில் கிடைத்தது,
செமஸ்டர் முடிய ஒன்பது நாள் இருக்கையில்.
142இல் மழை.
ஜன்னல்களைச் சாத்துகிறார்கள், பூனையைக் காணோம்.
143இல் பூனை கிடைத்துவிடுகிறது.
வேலைக்காரி வாயே திறக்கவில்லை.

‘அப்ப நீ எழுதினது தப்பு’ என்றாள் சபூரா.
‘பூனை யாரோடது? விளக்கு எங்க நிக்குது?
நனையிறது யாரு? பாரு’ என்றேன்.
பார்த்தாள். விளக்கு வாசலிலேயே நிற்கிறது.
‘இருந்தாலும்...’ என்றாள்.
இருந்தாலும்தான்.

கடைசிக் குறிப்பில் நாவலே இல்லை.
நிகழ்காலத்தில் எழுதினேன், சுழிக்க இடமில்லாமல்:
அவள் வீட்டுக்கு வருகிறாள்.
செருப்பைக் கழற்றவில்லை.
இன்றைக்கு, என்கிறாள்.
அதற்குப் பிறகு வரவேண்டிய இடத்தில்
இங்கிலீஷிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.
இரண்டு விரற்கடை இடம் விட்டு
முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தேன்.