மூன்று தட்டு

முதல் பெட்டியில் வந்தது வால் மட்டும்.
லாரிக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு
பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து
"யாருக்காவது சவப்பெட்டியா?" என்றார்.
மானிட்டோபாவில் நவம்பர். மைனஸ் இருபத்தாறு.
காரைப் பனியில் விட்டுவிட்டு
காரின் இடத்தில் வாலைக் கிடத்தினோம்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும்.
தகட்டுக்கு இந்தப் பக்கம் காற்றுத் துப்பாக்கியோடு நான்.
அந்தப் பக்கம்
தோள்வரை கையை உள்ளே விட்டு
இரும்புக்கட்டியை அழுத்திப் பிடித்தபடி கார்த்.
முகம் தெரியாது. காதில் அடைப்பான், குரலும் கேட்காது.
அதனால் தட்டுவான்.
ஒன்று என்றால் சரி.
இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி.
மூன்று என்றால் கெட்டுவிட்டது,
துளைத்து எடு.

பதினோராயிரம் ரிவெட்.
எண்ணியது நானில்லை, கையேடு.
துளையின் விளிம்பில் பிசிறு கூடாது,
கண்ணுக்குத் தெரியாத பிசிறிலிருந்துதான்
விரிசல் நடக்கத் தொடங்கும் என்றும் அதுவே சொன்னது.
ஒவ்வொரு துளையையும் விரல்நுனியால் விசாரித்தோம்.
மற்ற எதையும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் பிரிந்தோம்.
வின்க்ளரில் ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துப் போனான்.
வக்கீலுக்கு எழுதிய சொத்துப் பட்டியலில்
"இறக்கை, இடது, முடியாதது" என்று ஒரு வரி.
யாருக்கு என்ற கட்டத்தில்
இருவருமே எழுதவில்லை.

ஒரு வியாழன் இரவு வந்து நின்றான்,
பூட்ஸ் பனியை வாசலில் உதறிக்கொண்டு.
"அந்த இறக்கையை ஒற்றை ஆளாக மூட முடியாது."
முடியாதுதான்.
பிறகு எல்லா வியாழனும்.
காபியை அவனே ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவான்.
ஒரு தட்டு. இரண்டு. ஒன்று.
வாரத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.
சேர்ந்திருந்த பதினாறு வருடத்தில்
மூன்று என்று ஒருமுறைகூட
நாங்கள் தட்டிக்கொண்டதில்லை.

ஜூலை, கனோலாப் பூவின் மஞ்சள் கண் கூச,
டிரெய்லரில் ஏற்றி ஓடுபாதைக்குக் கொண்டுபோய்
இறக்கைகளைப் பூட்டினோம்.
முறுக்கியதும் ஒவ்வொரு நட்டிலும் ஆரஞ்சுக் கோடு,
பாதி நட்டின் மேல், பாதி தகட்டின் மேல்.
நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.
பரிசோதகர் அக்னஸ் பென்னர் டார்ச்சோடு வந்தார்.
"குச்சியை இடப்பக்கம் சாய்."
இடது மடல் மேலே எழுந்தது, வலது தாழ்ந்தது.
"இது தலைகீழாக இருந்து செத்தவர்கள் உண்டு" என்று
சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை கூட்டிப் பெருக்கும்போது
தரையில் ஒரு காட்டர் பின்.
கொண்டை ஊசி மாதிரி, வளைக்காதது, புதுசு.
பெட்டியில் வந்தவை இருபது.
போட்டதாகக் குறித்தவையும் இருபது.

ஞாயிற்றுக்கிழமை அது. போன் செய்தேன்.
நாற்பது நிமிடத்தில் வந்தான்.
மூடிய மூடிகளை எல்லாம் திறந்தோம்.
நள்ளிரவு தாண்டியும் அவன் தலை வாலுக்குள்.
நான் வெளியே, கொசுவுக்கும் டார்ச்சுக்கும் நடுவில்.
அப்போது உள்ளேயிருந்து

தட்டு.
தட்டு.
தட்டு.

ஏற்றிறக்கும் தண்டின் போல்ட்.
நட்டின் மேல் ஆரஞ்சுக் கோடு நேராக இருந்தது.
என் கை இழுத்த கோடு. பின் இல்லை.
"யார்" என்று தொடங்கிய வாயை மூடிக்கொண்டேன்.
இருட்டுக்குள் பின்னை நீட்டினேன். வாங்கினான்.
குறட்டால் இரு காதையும் வளைக்கும் சத்தம்.
பிறகு ஒரே ஒரு தட்டு.

முதல் பறப்பில் ஒருவர்தான் ஏறலாம்.
தீயணைப்பானை மடியில் வைத்துக்கொண்டு
காற்றுப்பை கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தான்.
இருபத்திரண்டு நிமிடம்.
மேலிருந்து அவன் ஒரு ரிவெட் தலை அளவு.

இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை,
குனிந்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தான்.
"கசிவில்லை" என்றான்.
"வியாழன் வந்து எண்ணெய் மாற்றிவிடலாம்."
எண்ணெய் மாற்ற ஓர் ஆள் போதும்.
அது அவனுக்கும் தெரியும்.
ஏழு மணிக்கு என்றேன்.