மைனஸ் எண்பது

உறைபெட்டியைத் திறந்தால் புகை வரும்.
புகையில்லை அது,
இந்த ஊர்க் காற்றின் ஈரம்.
கையுறைக்குள் விரல் மரத்துப்போவதற்குள் எடுத்துவிட வேண்டும்:
நான்காம் அடுக்கு, ஏழாம் பெட்டி,
சுண்டுவிரல் உயரக் குழாய்கள்.
எண் மட்டும்தான். பெயர் எழுதக் கூடாது.

இருந்தும் 0417 எனக்குத் தெரியும்.

ஆடி மாதம். ரத்தப் புற்று வார்டு.
சன்னலுக்கு வெளியே மெட்ரோவுக்குத் தோண்டினார்கள்.
சாத்திவைக்கச் சொல்லி
சிஸ்டர் ஜெபக்கனி கத்திக்கொண்டே இருப்பார்.
சாத்தினால் புழுக்கம்,
ஓடுகிற மின்விசிறி ஒன்றே ஒன்று.
யாராவது திறந்துவிடுவார்கள்.
நமக்கெல்லாம் அது வெறும் தூசி,
ஒரு தும்மலில் தீர்ந்தது.
வெள்ளணு நூறுகூடத் தேறாத ஒருவனுக்கு
அந்தத் தூசிக்குள் வித்து இருந்தது.

அவன் பெயர் வேண்டாம்.
கையெழுத்திட்ட அக்காவின் பெயரைச் சொன்னால்
தப்பில்லை என்று நினைக்கிறேன்: வேதநாயகி.
பாரிமுனையில் நோட்டரி ஒருவரிடம் வேலை,
அதனால் ஆறு பக்கமும் படித்தாள்.
"இதுல தம்பிக்கு என்னான்னு தெரிஞ்சிடுமா மேடம்?"
"தம்பிக்கு இல்லீங்க, ஆராய்ச்சிக்கு.
பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்."
பேனா மூடியைக் கழற்றியபடி கேட்டாள்:
"அப்போ நாங்க சீக்கிரம் வந்துட்டோமா?"

பதில் படிவத்தில் இல்லை.

வீட்டில் ரொட்டி பச்சையாகிப்போனால்
பூத்துப்போச்சு என்கிறோம்.
இத்தனை நல்ல வினைச்சொல்லை
இதற்குப் போய் யார் கொடுத்தது?
நெஞ்சுக்குள் பூப்பது கண்ணில் படாது.
காய்ச்சல் வரும், எல்லாக் காய்ச்சலும் போல.
கல்ச்சர் பாட்டில் ஐந்து நாளும் தெளிந்தே நிற்கும்,
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று.
ஒன்பதாம் நாள் சி.டி.யில், நுரையீரலில், ஒரு வெண்வட்டம்.
பத்தாம் நாள் மருந்து வந்தது.
பன்னிரண்டாம் நாள் அந்தக் கட்டிலில் வேறு விரிப்பு.

இன்று கார்த்திகை, விடாத மழை.
மீனம்பாக்கம் சரக்ககத்தில் இரண்டு மாதம் கிடந்த கிட்
ஒருவழியாக வந்து சேர்ந்தது.
தொண்ணூற்றாறு குழிகள்.
ஊற்று, காத்திரு, கழுவு, மறுபடி ஊற்று.
பூஞ்சை தசையைக் கரைத்து வழி பண்ணும்போது
சிந்துகிற புரதம் அது.
இருந்தால் நீலம். அமிலம் விட்டால் மஞ்சள்.

0417, முதல் நாள்: தண்ணீர்.
இரண்டாம் நாள்: வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவைக்கும் ஏதோ ஒன்று.
மூன்றாம் நாள்
பூசணிப்பூ.

திரும்பச் செய்தேன். அதே நிறம்.
மூன்றாம் நாள்.
காய்ச்சல்கூட ஆரம்பிக்காத நாள்.
ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு
கேன்டீன் தோசை தடிமன் என்று
என்னிடம் குறை சொன்ன நாள்.
ரத்தம் அப்போதே சொல்லியாயிற்று.
நான்தான் அதைக் கொண்டுபோய்
மைனஸ் எண்பதில் வைத்துப் பூட்டினேன்.

வரைபடத்தைப் பார்த்த டாக்டர் இளம்பரிதி
"பியூட்டிஃபுல்" என்றார்.
அவர் மேல் கோபம் வரவில்லை. அழகாகத்தான் இருந்தது,
கோட்டுக்கு மேலே தனியாக ஒரு புள்ளி.
இன்னும் நூற்றெண்பது பேர் வேண்டும்.
பிறகு அனுமதி, பிறகு விலை.
நியாயம்தான். 0233க்கும் இதே மஞ்சள் வந்தது.
அவருக்குப் பூஞ்சையும் இல்லை ஒன்றும் இல்லை,
ஓட்டேரியில் சௌக்கியமாக இருக்கிறார்.
அவருக்கு அந்த மருந்தை ஏற்றியிருந்தால்
சிறுநீரகம் போயிருக்கும்.

வேதநாயகியின் எண் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.
இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.
என்ன சொல்ல?
ஆமாம், கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றா?

ஐந்தரைக்கு வார்டிலிருந்து புதுக் குழாய் வந்தது,
கொண்டுவந்தவர் கைச்சூடு இன்னும் அதில்.
0598. முதல் நாள்.
சுழற்று, பிரி, உறைபெட்டியில் வை: விதி அவ்வளவுதான்.
மேசை விளக்கின் கீழே
அதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறேன்.

நாளைய தட்டில்
ஓரமாக இரண்டு குழி காலி.