பதினேழாம் அறை

லாட்ஜில் மொத்தம் பதினாறு அறைகள்.
பதினேழாவதை நானே கட்டினேன்,
நாலடி நீளம், இரண்டடி அகலம்,
மூடிப்போன செருப்புக்கடையின் ஷோகேஸ்.
மூலையில் இன்னும் ஒட்டியிருந்தது
'ஒரே விலை' ஸ்டிக்கர்.

வரப்போகிறவர் பெயர் மிஷ்டி.
காட்பாடியில் படிப்பு முடித்த சௌமிக்
தன்பாத் வண்டியில் ஏற்ற வழியில்லாமல்
ஓட்டை போட்ட ஷூ பெட்டியோடு
என் மேசையில் விட்டுப்போன தாடிக்காரர்.
பூர்வீகம் ஆஸ்திரேலியா என்றான்.
தணிகாசலம் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு,
"நம்ம ஓணானுக்கு வயசானா இப்படித்தாண்ணே."

பாலாற்றில் எடுக்கத் தண்ணீர் இல்லை,
மணல் எடுத்தால் போலீஸ்.
கட்டைப்பையில் இரண்டு படி,
மேலே முருங்கைக்கீரை பரப்பி,
பாலம் தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை.
அதோடு செம்மண் கலந்து
மொட்டைமாடித் தார்ப்பாயில் கொட்டினேன்.
கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
புழு பூச்சி ஒன்றும் மிஞ்சவில்லை,
என் உள்ளங்கால் தோல் உட்பட.

சத்துவாச்சாரி மலையடியில் பொறுக்கிய கல்லை
முதலில் வைக்கவேண்டும், பிறகுதான் மண்.
மாற்றி வைத்தால்
அது அடியில் குழி பறிக்கும், கல் இறங்கும்.
கொத்தனார் ஜானிபாஷாவிடம் விளக்கினேன்.
"அஸ்திவாரம்னு ஒரு வார்த்தையில சொல்லேன்" என்று
பீடியை அணைத்தார்.

சப்பாத்திக்கள்ளியின் முள்ளைக்
கேஸ் அடுப்பில் பொசுக்கினேன்.
புளியங்கிளையின் பட்டையை உரித்தேன்.
பிறகுதான் தெரிந்தது:
கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும்,
எலும்புக்கு வேண்டிய வெயிலை
வாசலிலேயே நிறுத்திவிடும்.
ஆகவே வேலூரில், மே மாதத்தில்,
இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து
சென்னையிலிருந்து வெயில் வரவழைத்தேன்.
குணசுந்தரி பில்லைப் படித்தாள்,
என்னைப் படித்தாள்,
மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

கல்லின்மேல் நாற்பது டிகிரி,
மறுகோடியில் இருபத்தெட்டு.
நாற்பது இந்த ஊரில் இலவசம்.
அந்த இருபத்தெட்டுக்கு எங்கே போவது?
படிக்கட்டுக்கு அடியில் பெட்டியை நகர்த்தி,
ஈரச்சாக்கு தொங்கவிட்டு,
தெர்மாமீட்டரை முறைத்து முறைத்து
ஒருவழியாக முப்பதில் சமாதானம்.

மூன்று நாள் கண்ணாடியைப் பிறாண்டியது.
எதிரே இன்னொரு தாடி தெரிந்திருக்கும்;
கழுத்து கரியாய்க் கறுத்தது.
பக்கங்களில் பழுப்புத்தாள் ஒட்டினேன்.
நாலாம் நாள் கல்லில் ஏறி
வயிற்றைத் தட்டையாக்கிப் படுத்தது,
முன்பணம் கட்டியவர்போல்.

ரிஜிஸ்தரில் எழுதினேன்.
பெயர், ஊர், வந்த தேதி.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
எல்லோரும் சிகிச்சை என்று எழுதுவார்கள்.
அதைக் காலியாக விட்டேன்.

பன்னிரண்டாம் அறை சபிதா மண்டல், பர்தமான்.
கணவரின் ரிப்போர்ட் வரும்வரை
இதன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.
செம்பருத்தி இதழ்களை ஒவ்வொன்றாய் நீட்டுவார்,
அது நாக்கால் ஒற்றி எடுக்கும்.
எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ்.
இருவர் இந்தியும் நொண்டி.
நாற்பத்தோரு நாள்.

கிளம்பும் மதியம்
கணவர் ஆட்டோவில் ஏறிவிட்டார்,
மடியில் பெரிய ஸ்கேன் கவர்.
ஜன்னல் வலையில் உள்ளூர் ஓணான் ஒன்று
கழுத்து சிவக்கத் தலையை ஆட்டியது,
இது என் தெரு என்று.
உள்ளே மிஷ்டி ஒரு முன்கையைத் தூக்கி
காற்றில் மெல்ல வட்டமிட்டு இறக்கியது.
அதன் பொருளை சௌமிக் சொல்லியிருக்கிறான்:
நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே.

சபிதாம்மா பையைக் கீழே வைத்தார்,
பதிலுக்குக் கை அசைத்தார்.
அது மறுபடி தூக்கியது.
அவரும் மறுபடி.
ஆட்டோவில் ஹாரன் அடித்தார்கள்.

அதைச் சொல்வதற்கு
என் நொண்டி இந்தியே போதும்.
நான் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போனேன்.