டீக்கனின் கிண்ணம்

மக்னோலியாவில் கடல் இல்லை.
பைன் மரங்களுக்குக் கீழே எட்டாயிரம் அடியில்
எப்போதோ செத்த ஒரு கடல்
இன்னும் ஈரம் காயாமல் கிடக்கிறது.
அதைத்தான் இரவு பகலாக உறிஞ்சுகிறோம்.
ஆர்கன்சாவின் இந்த மூலையில்
வீட்டுக் கடனும் தேவாலயக் காணிக்கையும்
அந்த உப்புநீரிலிருந்துதான்.

எனக்கு ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி.
வெளியே கோபுரத்தில்
ஹைட்ரஜன் புரோமைடு கீழிருந்து ஏறும்,
தண்ணீர் மேலிருந்து இறங்கும்.
நிறமில்லாத வாயு.
குழாய் மூட்டில் ஊசிமுனை ஓட்டை போதும்,
ஜூலைப் புழுக்கத்தின் ஈரத்தைத் தேடிப் பிடித்து
வெள்ளைப் புகையாய்த்
தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.
அத்தனை தாகம் அதற்கு.

தண்ணீரைத் தொட்டதும் தயங்குவதில்லை.
கையிலிருந்த ஒரே புரோட்டானைக்
கேட்குமுன்பே கொடுத்துவிடுகிறது.
வாங்கிய நீர் கொதிக்கப் பார்க்கிறது;
குளிர்விக்க இன்னொரு நீர் வேண்டும்.
வெறுங்கையோடு நிற்கும் புரோமைடைச் சுற்றி
நீர் மூலக்கூறுகள் உள்நோக்கித் திரும்பிக் கூடும்,
சாலை விபத்தில் கூடுகிறவர்கள் மாதிரி.
ஒன்று நகர்ந்தால் இன்னொன்று.
வட்டம் மட்டும் கலையாது.

“காய்ச்சிப் பிரித்துவிடலாமே?”
புதிதாக வந்த பையன் கேட்டான்.
ஓரிஸ் டேட்டம் சிரித்தார்.
காய்ச்சு, காய்ச்சிக்கொண்டே இரு.
நூற்றுக்கு நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வந்ததும்
இரண்டும் சேர்ந்தே ஆவியாகும்,
சேர்ந்தே திரும்ப வடியும்.
நீரடித்து நீர் விலகாது என்பார்கள்;
இங்கே அமிலமும் அப்படித்தான்.
ஓரிஸுக்குத் தெரியும்.
விவாகரத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வருடமாக
அவரும் லவோனும் அதே டிரெய்லரில்
ஒரே காப்பிப் பானையோடு.

என் நாய் டீக்கனுக்கு வலிப்பு.
காலையும் மாலையும் பொட்டாசியம் புரோமைடு,
கோழி ஈரலில் ஒளித்துக் கொடுப்பேன்.
அங்கே முகமூடி, ரப்பர் கையுறை;
இங்கே அதன் உறவுக்கார உப்பை
என் விரலிலிருந்தே நக்கித் தின்கிறது.
தண்ணீரில் சத்தமில்லாமல் கரைகிற உப்பு.
சூடில்லை, புகையில்லை.
ரத்தத்தில் போய்
எங்கோ ஒரு கதவை மெல்லச் சாத்துகிறது.

போன செவ்வாய் விடியல் மூன்று மணிக்கு
சமையலறைத் தரையில் நகங்கள் கீறும் சத்தம்.
தாடையில் நுரை. கால்கள் எங்கேயோ ஓடின,
உடம்பு அங்கேயே கிடந்தது.
பக்கத்து வீட்டு ட்ரெவிஸ்
ஒரு வாரமாக வேலிக்கு மேல் வீசியிருக்கிறான்,
உப்பில் ஊறிய பன்றித் துண்டுகள்.
குளோரைடு நுழைந்தால்
புரோமைடைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.
இதே வேலையில் பத்தொன்பது வருடம்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
வெள்ளி நைட்ரேட் சொட்டி
எத்தனை ஆயிரம் குடுவைகளில்
இரண்டையும் எண்ணியிருக்கிறேன்:
குளோரைடு வெள்ளை வீழ்படிவு,
புரோமைடு பாலாடை நிறம்.
தண்ணீர் அள்ள முடியாமல் கைவிட்ட
ஒரே புரோமைடு போல அடியில் தங்கும் அது.
ஒரே அல்ல. ஈயத்தையும் சொல்ல வேண்டும்.
அந்த நேரத்தில் எதுவும் நினைவில் இல்லை.

நான்கு நிமிடம். எழுந்தது.
என்னை அடையாளம் தெரியாமல்
நேரே கிண்ணத்துக்குப் போனது.
நிரப்பினேன், குடித்தது.
நிரப்பினேன்.
மூன்றாவது கிண்ணத்தில்தான் வாலை அசைத்தது.

பின்கதவைத் திறந்துவிட்டேன்.
பைன் மரத்தடியில் காலைத் தூக்கி
வெகுநேரம் நின்றது.
மண் அதை உடனே குடித்தது.
எட்டாயிரம் அடி போகாது, தெரியும்.