ஏழரைப் படி

கேலரியில் மொத்தம் ஏழரைப் படி.
எட்டாவது பாதியில் நிற்கையில்
மில் சங்கத்துப் பணம் தீர்ந்தது.
மாசானம் மேஸ்திரி கரண்டியைக் கழுவி
சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார்.
துருத்திய கம்பியில் இன்றைக்கும்
யாராவது சட்டை காயப்போடுகிறார்கள்.
அரைப்படியில் இருந்து பார்த்த கட்சி
தோற்கும் என்று ஒரு பேச்சு உண்டு.
ஏழரை இல்லையா.

அதற்கு முன் இது சேந்திக்குளம்.
பிசானத்துக்கு நிறையும், காருக்கு ஏமாற்றும்.
மடையை அடைத்து, மண் கொட்டி
மைதானம் என்றார்கள்.
குளம் ஒத்துக்கொள்ளவில்லை.
நடுவட்டத்தில் பந்தை வைத்தால்
யாரும் தொடாமலே கிழக்கே உருளும்,
மடை இருந்த திசைக்கு.

புல் என்று ஒன்று முளைத்தால்
செவ்வாய்ச் சந்தைக்கு வரும் ஆடுகள்
திங்கள் ராத்திரியே முடித்துவிடும்.
போலீஸ் வேலைக்கு மார்பளந்தது இங்கே.
எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியது பாதி ஊர்.
ஒரு வருஷம் சர்க்கஸ்.
ஒட்டகம் ஒன்று பெனால்டி இடத்தில் படுத்து
எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டது;
அரையிறுதியைத் தள்ளிவைத்தோம்.
பெருநாள் தொழுகைக்கு
சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவேன்.
சீக்கிரம் அழியாது.
அடுத்த ஞாயிறு ஆட வருகிறவன்
எந்தக் கோடு எதற்கு என்று முழிப்பான்.

நான் கொடிக்காரன்.
பரமார்த்தலிங்கம் என்றால் யாருக்கும் தெரியாது,
ஆப்சைடு என்றால் தெரியும்.
இருபத்திரண்டு வருஷம்
கேலரிப் பக்கம், கிழக்குப் பாதி.
நடுக்கோட்டைத் தாண்ட எனக்கு வேலை இல்லை.
மேற்குப் பாதி எனக்கு வேற்றூர்.

ஓர் இறுதி ஆட்டம்,
மேலப்பாளையமும் பேட்டையும்.
எண்பத்தெட்டாம் நிமிஷம்
அசன் கனி அடித்த பந்து வலையில் கிடக்க
என் கொடி மேலே நின்றது.
ஏழு படியும் இறங்கி என்னிடம் வந்தது.
ஒரு செருப்பு இடது காதில் பட்டது.
நல்ல செருப்பு, புதுசு.

பிறகு ஒரு மார்கழி பிறந்த அன்று
குளம் திரும்பி வந்தது.
வாய்க்காலை ஒட்டிய தெருக்கள் படியேறின,
ரேஷன் அரிசியோடு,
தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக்கொண்டு.
முதல் படி. இரண்டு. மூன்று.
நான்காவதில் தண்ணீர் நின்றது.
மேற்கே கோல்கம்பம் பாதி தெரிந்தது.
கிழக்கே மேல்கட்டை மட்டும்;
அதில் ஒரு நீர்க்காகம்
கோலியைப்போல இறக்கை விரித்து இருந்தது.

இருட்டில் பக்கத்தில் ஓர் ஆள்,
மடியில் ஆட்டுக்குட்டி.
பதினாறு வருஷத்தில் முதல் பேச்சு:
“ஏ அண்ணாச்சி,
அன்னைக்கு நான் முன்னாலயா நின்னேன்?”

மழைச் சத்தத்தில் கேட்காததுபோல இருந்திருக்கலாம்.
“நான் பந்தப் பாத்துட்டேன் வே.
ஒன்னயப் பாக்கல.”

கொடிக்காரன் பந்தைப் பார்க்கக் கூடாது.
எங்கள் தொழிலில் பாடமே அது ஒன்றுதான்.

அசன் கனி ஒன்றும் சொல்லவில்லை.
குட்டியை என் மடிக்கு மாற்றிவிட்டு
நமுத்த தீப்பெட்டியை
உரசிக்கொண்டே இருந்தான்.
விடிந்த பிறகுதான் பார்த்தேன்,
நாங்கள் உட்கார்ந்திருந்தது அரைப்படியில்.

வண்டல் காய ஒரு மாசம் ஆனது.
மாசியில் பெண்கள் ஆட்டம்.
கல்லூர் கோலி ஜெபக்கனி
டாஸ் ஜெயித்தும் மேட்டைக் கேட்கிறாள்:
“பிற்பாதில அவளுவ காலு ஓஞ்சிரும்.
அப்ப நமக்குப் பள்ளம்லா.”
நான்காம் படியில் சேறு இழுத்த கோடு,
நான் போடாதது, இன்னும் இருக்கிறது.
அதன்மேல் கால் தொங்கப்போட்டுக்கொண்டு
கடலை தின்கிறார்கள்.
அசன் கனி குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது:
“ஏ ஆப்சைடு, கண்ணு எங்க இருக்கு?”

விசில்.
பந்து கிழக்கே வருகிறது. வரட்டும்.
கோலிக்கு முன்னால் நிற்கும் கடைசிப் பெண்ணின்
குதிகாலைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறேன்.